நம்ம ஊருக்கு எதுக்குடா கணப்பு? ஜெல் தீ பற்றிக் கொஞ்சம் கெமிஸ்ட்ரி, கொஞ்சம் சொந்தக் கதை

போன செமஸ்டர் லீவில் எங்கள் கிளாஸ் குரூப்பில் ஒரு ரீல் வந்தது. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த சீனியர் ஒருத்தர் தன் ஃபிளாட் ஹாலில் குட்டியாக ஒரு ஃபயர்பிளேஸ் வாங்கி வைத்திருக்கிறார். புகைபோக்கி கிடையாது, விறகு கிடையாது. பீங்கானில் செய்த கட்டைகளுக்கு நடுவே ஒரு டப்பா, அதிலிருந்து மஞ்சளாக ஒரு தீ. கீழே எல்லாரும் போட்ட கமெண்ட் ஒரே மாதிரிதான்: "சென்னைல இத வச்சா வெந்து சாக வேண்டியதுதான் மச்சி."

நானும் சிரிச்சேன். அப்புறம் அந்த டப்பாவை ஜூம் பண்ணிப் பார்த்தேன். அட, இது எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் ரெண்டு வருஷமா உட்கார்ந்திருக்கிற டப்பாவின் அண்ணன்! நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாண ரிசப்ஷனில் பஃபே வரிசையில் பனீர் பட்டர் மசாலா சூடாக இருக்க, அந்தப் பளபளப்பான பாத்திரத்துக்கு அடியில் ஒரு சின்ன டின் எரியுமே, அதேதான். ஹாலில் வைத்தால் ஃபயர்பிளேஸ், பஃபேயில் வைத்தால் ஜெல் டப்பா. உள்ளே இருக்கிற சரக்கு ஒன்று. (கணப்பு என்று ஒரு நல்ல தமிழ்ச் சொல் ஃபயர்பிளேசுக்கு இருக்கிறது. நமக்குக் குளிரே இல்லாததால் அது மறந்து போச்சு என்று நினைக்கிறேன்.)

எங்கள் வீடு திருவொற்றியூர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கேட்டரிங் வேலைக்குப் போகிறவர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எண்ணூர் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகு, வலை எல்லாம் கறுத்துப் போனதே, அந்த வாரம். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. சிலிண்டர் அதற்கு முந்தின நாள்தான் தீர்ந்திருந்தது, டெலிவரி வண்டி உள்ளே வர வழியில்லை. அவசரத்துக்கு என்று வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்பு கரண்ட் இல்லாமல் வெறும் கண்ணாடிப் பலகை. மாமா முழங்கால் தண்ணியில் நடந்து வந்து ஒரு மஞ்சப்பையிலிருந்து நாலு ஜெல் டப்பாவையும் ஒரு கம்பி ஸ்டாண்டையும் எடுத்து வைத்தார். ஆயாவுக்கு அன்றைக்கு வெந்நீரும் கஞ்சியும் அதில்தான். "மண்ணெண்ணெய் நாத்தம் கூட இல்லையே"ன்னு ஆயா ஆச்சரியப்பட்டது.

இதே மாமாவுக்கு அடுத்த வருஷம் இதே ஜெல்லால் வலது கை முட்டி வரைக்கும் வெந்தது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். ஒரே பொருள் ஒரு மழையில் கைகொடுத்து, ஒரு வெயிலில் கையைச் சுட்டது எப்படி என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் டப்பாவுக்குள் என்ன. பெரும்பாலும் எத்தனால். கரும்புச் சக்கையிலிருந்து இல்லை, சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற மொலாசஸிலிருந்து வருகிற அதே ஆல்கஹால். இப்போது நம் பைக் பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கிறார்களே, அதுதான். அதோடு கொஞ்சம் தண்ணீர், கெட்டியாக்க ஒரு பாலிமர் அல்லது செல்லுலோஸ் பொடி. 2020-இல் நாம் எல்லாரும் கையில் தேய்த்துக்கொண்டிருந்த சானிடைசர் ஜெல்லும் கிட்டத்தட்ட இந்த ரெசிபிதான். பிளஸ் டூ லேபில் கால்சியம் அசிட்டேட் கரைசலில் எத்தனாலை ஊற்றி வெள்ளைக் கட்டியாக்கிப் பற்ற வைத்துக் காட்டியிருந்தால், நீங்கள் ஏற்கெனவே ஜெல் எரிபொருள் செய்தவர்.

எத்தனால் மூலக்கூறிலேயே ஒரு ஆக்சிஜன் அணு இருக்கிறது, கார்பன் ரெண்டே ரெண்டு. அதனால் மண்ணெண்ணெய், மெழுகு மாதிரி எரியாத கார்பன் துகள் மிஞ்சாது. புகையில்லை, கரியில்லை, பாத்திரத்து அடி கறுக்காது. புகைபோக்கி இல்லாமல் ஃபிளாட்டில் வைக்க முடிவது இதனால்தான். இன்னொரு லாபம், கெட்டியாக இருப்பது. திரி ஸ்டவ் சாய்ந்தால் மண்ணெண்ணெய் தரை முழுக்க ஓடும், தீ அதன் பின்னால் ஓடும். குடிசைப் பகுதிகளில் நடந்த தீ விபத்துகளில் பாதிக் கதை அங்கேதான் ஆரம்பிக்கும் என்று ஆயா சொல்லும். ஜெல் டப்பா சாய்ந்தால் உடனே ஓடாது, தயிர் மாதிரி மெதுவாகத்தான் இறங்கும். ஜிம்பாப்வேயிலும் தென்னாப்பிரிக்காவிலும் 2000-ஐ ஒட்டி மண்ணெண்ணெய்க்குப் பதில் ஏழை வீடுகளுக்கு ஜெல் அடுப்பு கொண்டுவரப் பார்த்தது இந்தக் காரணத்துக்காகத்தான். ஆனால் மக்கள் புகார் ஒன்று: சமைக்க ரொம்ப நேரம் ஆகுது.

அது நியாயமான புகார். ஒரு கணக்குப் போடுவோம், நம்ம தொழிலே அதுதானே. 200 கிராம் டப்பாவில் 70 சதவீதம் எத்தனால் என்று வைத்தால் 140 கிராம். கிராமுக்குச் சுமார் 27 கிலோஜூல். மொத்தம் 3.8 மெகாஜூல். அது ரெண்டரை மணி நேரம் எரிந்தால் சராசரி பவர் 420 வாட் வருகிறது. அதில் பாதிக்கு மேல் பக்கவாட்டில் போய்விடும். 40 சதவீதம் பாத்திரத்துக்குள் போனால் ஒரு லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து கொதிக்க அரை மணி நேரம். அன்றைக்கு ஆயாவின் வெந்நீருக்கு நாங்கள் காத்திருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஹாலில் வைக்கிற பெரிய ஃபயர்பிளேஸ் டப்பா மணிக்குச் சுமார் 3000 பிடியு தருகிறது என்று போட்டிருப்பார்கள். ஒரு டன் ஏசி என்பது 12,000 பிடியு. ஆக ஜெல் கணப்பு என்பது கால் டன் ஏசியை அப்படியே உள்ளே வெளியே மாற்றி மாட்டின மாதிரி. ஊட்டியில் ஒரு சின்ன ரூமுக்கு ஓகே. ராயபுரத்தில் அது அழகுக்கு மட்டும், அதுவும் கரண்ட் பில்லோடு.

சரி, "புகையே இல்லை, முழுக்க சேஃப்" என்று விளம்பரம் சொல்வதை இப்போது பார்ப்போம். புகை இல்லை என்றால் வாயு இல்லை என்று அர்த்தமில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, மூக்குதான் எழுப்பி விட்டது. ஜெல் விஷயத்தில் மூக்கும் உதவாது. அந்த 140 கிராம் எத்தனால் முழுசாக எரிந்தால் சுமார் 270 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 160 கிராம் தண்ணீர் ஆவியும் வரும். பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம், கதவு ஜன்னல் சாத்தியிருக்கு என்றால் கார்பன் டை ஆக்சைடு மட்டும் 5000 பிபிஎம்முக்கு மேல் ஏறும். வெளிக்காற்றில் 420 சொச்சம்தான் இருக்கிறது. தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு வைக்கிற உச்ச வரம்பே 5000. இது ஒரு டப்பாவுக்கான கணக்கு. ஆக்சிஜன் குறையக் குறைய எரிவது அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடும் சேரும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது.

மூடின ரூமில் தீ என்ன செய்யும் என்பதற்கு நமக்கு உதாரணங்கள் ரொம்பக் கிட்டவே இருக்கின்றன. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில் கேரளாவிலிருந்து போன எட்டுப் பேர், நாலு குழந்தைகள் உட்பட, குளிருக்கு கேஸ் ஹீட்டர் போட்டுக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. 2024 ஆகஸ்ட்டில் கொடைக்கானலுக்குப் போன திருச்சி நண்பர்களில் ரெண்டு பேர், பார்பிக்யூ அடுப்பை ரூமுக்குள் வைத்துத் தூங்கியதில் இறந்து போனார்கள். நம்ம வயசு பசங்க. அவை ஜெல் இல்லை, கேஸும் கரியும். கரி இதைவிடப் பல மடங்கு மோசம். ஆனாலும் விதி ஒன்றுதான்: எரிகிற நேரம் முழுக்க ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கணும், தூங்கப் போகும்போது எதுவும் எரியக்கூடாது. ஐவி, டூர் என்று மலைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு பாராவை மட்டுமாவது ஃபார்வர்ட் பண்ணுங்கள்.

இப்போது மாமா கதை. 2024, ஆவணி முகூர்த்தம், ஒரு மண்டபத்து மொட்டை மாடியில் பந்தல் போட்டு மதியச் சாப்பாடு. அங்கே சீல் வைத்த டப்பா வாங்குவதில்லை. செலவு மிச்சம் என்று அஞ்சு லிட்டர் கேனில் ஜெல் வாங்கி, காலி டின்களில் ஊற்றி ஊற்றி ஓட்டுவார்கள். சாம்பார் ஆறிப்போச்சு என்று யாரோ சொல்ல, மாமா குனிந்து பார்த்திருக்கிறார். டின்னில் தீ இல்லை. கேனைச் சாய்த்தார். அதற்கப்புறம் அவருக்கு ஞாபகம் இருப்பது "டொப்"புன்னு ஒரு சத்தம், கையில் ஒட்டிக்கொண்டு எரிகிற ஜெல். பக்கத்தில் இருந்த பையன் ஈரக் கோணியைப் போட்டு மூடியதால் முகம் தப்பித்தது. மூணு மாசம் வேலை இல்லை.

தீ அணைந்திருக்கவில்லை. புகையில்லாத அதே காரணம்தான் இங்கே எமன். மெழுகுவர்த்தி மஞ்சளாகத் தெரிவது அதிலிருக்கும் கரித்துகள் சூட்டில் ஒளிர்வதால். எத்தனால் தீயில் கரித்துகள் கிடையாது, அதனால் அது வெளிறிய நீலம். மதிய வெயிலில் சுத்தமாகத் தெரியாது. கார் ரேஸ் பார்ப்பவர்களுக்கு 1981 இண்டியானாபோலிஸ் 500 தெரிந்திருக்கும். எரிபொருள் நிரப்பும்போது ரிக் மியர்ஸ் மேல் மெத்தனால் பட்டுத் தீப்பிடித்தது, அவர் எரிந்துகொண்டிருப்பதே சுற்றி நின்றவர்களுக்கு முதலில் புரியவில்லை. ஹால் கணப்பு ஜெல்லில் தீ மஞ்சளாகத் தெரிய உப்பு மாதிரி ஏதாவது சேர்ப்பார்கள். டப்பா முடியப்போகும்போது தீ சிறுத்து விளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் அதுவும் கண்ணில் படாது.

அந்த "டொப்" ஏன்? எனக்கு இதுதான் ரொம்ப நாள் உறுத்தியது, ஏனென்றால் பெட்ரோல் கேன் கூட இவ்வளவு சுலபமாக உள்ளே வெடிப்பதில்லை. பதில் நீராவி அழுத்த டேபிளில் கிடைத்தது. எத்தனால் ஆவி காற்றில் ஏறக்குறைய 3 முதல் 19 சதவீதம் வரை இருந்தால் தீப்பிடிக்கும். பாதி காலியான கேனுக்குள், 30 டிகிரியில், அதன் ஆவி சரியாக 10 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. நட்ட நடுவில்! பெட்ரோல் கேனுக்குள் ஆவி அளவுக்கு மீறி அதிகம். உள்ளே தீ போனாலும் எரிவதற்குக் காற்று போதாது. ஊட்டி மாதிரி பத்து டிகிரிக் குளிரில் எத்தனால் ஆவி குறைவு, அதுவும் பற்றாது. 13 டிகிரியிலிருந்து 42 டிகிரி வரைக்கும்தான் ஆபத்தான பட்டை. சென்னையின் வருஷம் முழுக்க அதற்குள் அடங்கி விடுகிறது. குளிர் நாட்டுக்கு யோசித்த பொருளை நாம் அதன் மிக மோசமான வெப்பநிலையில் வைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறோம். தெரியாத தீ கேன் வாய்க்குப் போனதும் உள்ளே இருக்கிற ஆவி ஒரே நேரத்தில் எரிந்து, அந்த அழுத்தம் ஜெல்லைப் பீய்ச்சி வெளியே அடிக்கிறது. ஜெல் என்பதால் அது வழிந்து போகாமல் தோலிலேயே ஒட்டும். உதறினாலும் போகாது.

இது மாமாவுக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் 2011-இல் ஒரே வருஷத்தில் ஒன்பது கம்பெனிகள் பாட்டிலில் விற்ற ஜெல் எரிபொருளை, சுமார் 20 லட்சம் எண்ணிக்கை, திரும்ப வாங்கிக்கொண்டன. அப்போது அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் 65 விபத்துகள், ரெண்டு சாவு. ஏறக்குறைய எல்லாமே ஊற்றும்போது நடந்தவை. அதன் பிறகு வந்த பாட்டில்களில் வாயில் ஒரு கம்பி வலை வைக்கிறார்கள். தீ அந்த வலையைத் தாண்டும்போது சூடு இழந்து செத்துவிடும். 1815-இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்குக்குக் கண்டுபிடித்த அதே ஐடியா. தெர்மல் பரீட்சையில் இரண்டு மார்க்குக்குப் படித்துத் தூக்கிப் போட்ட விஷயம், மாமா கேனில் இல்லாமல் போன ஒரு ரூபாய் வலை.

ஆகவே வாங்குவது என்றால் ஊற்றுகிற ஜெல் வாங்காதீர்கள். சீல் வைத்த டப்பா மட்டும். எரிந்து முடிந்தால் தூக்கிப் போட்டு, ஆறின பிறகு புது டப்பா. காசு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். லேபிளில் எத்தனாலா மெத்தனாலா என்று பாருங்கள். மெத்தனால் மலிவு, சந்தையில் அதுவும் ஜெல் டப்பாவாக வருகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அந்த மெத்தனால்தான். அதன் ஆவியைத் தினம் ரூமுக்குள் இழுக்கவோ தோலில் படவிடவோ எந்த அவசியமும் இல்லை. என்ன இருக்கிறது என்றே எழுதாத டப்பா என்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாங்க.

எங்கே வைப்பது என்பதில் நம் வீடுகளுக்கே உரிய சிக்கல்கள் உண்டு. ஃபேன்! சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் தீ படுத்து ஆடும், ஒரு பக்கத்து விளிம்பு சுட்டுக் கொண்டே இருக்கும். ஃபேனை ஆஃப் செய்து ஜன்னலைத் திறங்கள், நாம் வழக்கமாகச் செய்வதற்குத் தலைகீழ். திருவொற்றியூரில் மதியம் கடல்காற்று வந்தால் ஜன்னல் ஸ்கிரீன் நேராக உள்ளே பறக்கும், அதனால் ஸ்கிரீனிலிருந்து மூணடியாவது தள்ளி, ஆடாத தரையில் அல்லது கடப்பாக் கல் மேல். பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம். நைலான் நைட்டி, துப்பட்டா, பாலியெஸ்டர் ஜெர்ஸி எதுவும் பக்கத்தில் வேண்டாம். இவை எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும். எரிகிற டப்பாவைக் கையில் தூக்கி இடம் மாற்றுவது என்பது நடக்கவே கூடாத காரியம். ஸ்டாக் வைப்பது தகர ஷீட் கூரைக்குக் கீழ்ப் பரணிலோ சிலிண்டர் பக்கத்திலோ இல்லாமல் நிழலான இடத்தில். எத்தனால் ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், மூடி லூசானால் தரையோடு தவழ்ந்து போய் பூஜை விளக்கைத் தேடிப் பிடிக்கும்.

அணைக்க ஊதாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். கூடவே வருகிற மூடியையோ ஒரு சில்வர் தட்டையோ இடுக்கியால் பிடித்து மேலே கவிழ்த்தால் போதும், காற்று இல்லாமல் தானாகச் செத்துவிடும். பிறகு அரை மணி நேரம் யாரும் தொடக்கூடாது. அணைந்ததா என்று கண்ணை நம்பாமல், இடுக்கியில் ஒரு டிஷ்யூ நுனியைப் பிடித்து மேலே காட்டினால் தெரிந்துவிடும். கையில் பட்டுவிட்டால் ஈரத்துணி போட்டு மூடி அணைத்து, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். டூத்பேஸ்ட், தோசை மாவு, இங்க், இவை எதையும் தடவ வேண்டாம், ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுப்பதுதான் மாமாவுக்குத் தீயைவிட அதிகம் வலித்ததாம். பெரிய காயம் என்றால் நம் பக்கத்தில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயங்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்போ வாங்கலாமா? அலங்காரத்துக்கு என்றால் என் ஓட்டு வேண்டாம். ஏற்கெனவே மணலி, எண்ணூர் காற்றைச் சுவாசிக்கிற நாம் ரூமுக்குள் சொந்தமாக இன்னொரு பர்னர் வைத்து என்ன ஆகப்போகிறது, வியர்வைதான் மிச்சம். ஊட்டி, கொடைக்கானலில் வீடு இருக்கிறவர்களுக்குக் கரி அடுப்பைவிட இது எவ்வளவோ மேல், ஜன்னல் திறந்திருந்தால். ஆனால் அடுத்த புயலுக்கு, கரண்டும் கேஸும் ஒண்ணா போகிற நாளுக்கு, ரெண்டு மூணு சீல் டப்பா வீட்டில் இருப்பது நல்லது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இருக்கிறது. கீழ்த்தட்டில் மூணு டப்பா, கம்பி ஸ்டாண்ட், நீட்டு லைட்டர், ஒரு பழைய சில்வர் தட்டு, இடுக்கி. மாமா கை இப்போது மடங்குகிறது, முழுசாக இல்லை. போன மாசம் வந்தவர் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவின் மூடியையும் இடது கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது ஊத்துற சரக்கு இல்லல்ல?"ன்னு ரெண்டு தடவை கேட்டார்.